டீசல் பிக்கப்: மைலேஜை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறிய ரக டீசல் பிக்கப் வண்டிகளைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். லிட்டருக்குக் கூடுதல் கிலோமீட்டர் ஓடும், இன்ஜின் பல லட்சம் கிலோமீட்டர் உழைக்கும், அதனால் கூடுதல் விலை கொடுத்து வாங்கினாலும் டீசல்தான் லாபம் என்று எழுதியிருந்தீர்கள். முதல் இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவது அவற்றிலிருந்து தானாக வந்துவிடாது. கட்டுரையை நம்பிப் பணம் போடப் போகிறவர்கள் இருப்பார்கள், அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகவே.

டீசலுக்கு நல்ல பெயர் சும்மா வந்ததில்லை. ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட சுமார் 10 முதல் 15 சதவீதம் கூடுதல் ஆற்றல் இருக்கிறது. அதிக அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்பதால் பிளாக், கிராங்க், பிஸ்டன் எல்லாமே கனமாகச் செய்யப்படுகின்றன. குறைந்த சுற்றிலேயே இழுவை கிடைப்பதால் லோடு ஏற்றினாலும் இன்ஜின் கத்தத் தேவையில்லை. பழைய மெக்கானிக்கல் பம்ப் காலத்து வண்டிகள் இந்தக் காரணங்களால்தான் அப்படி உழைத்தன. ஆனால் அந்த வண்டிகளில் புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப் இல்லை, புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் கரைசலுக்கான யூரியா டேங்க் இல்லை, வெளியேறும் வாயுவை அளக்கும் சென்சார்கள் இல்லை. அவை சம்பாதித்த பெயரை இன்றைய வண்டிக்கு அப்படியே எடுத்து ஒட்டுகிறோம். இன்று டீசல் பிக்கப் பணிமனைக்குப் போவது பெரும்பாலும் பிஸ்டன் தேய்ந்து இல்லை. இன்ஜினைச் சுற்றி மாட்டியிருக்கும் சாமான்களால்தான் போகிறது.

டிபிஎஃப்-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். புகைக்குழாயில் இருக்கும் வடிகட்டி, கரியைப் பிடித்து வைக்கிறது. நிறைந்ததும் அந்தக் கரியை எரித்தாக வேண்டும், அதற்கு ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். வண்டி நன்றாகச் சூடேறி லோடோடு ஓடினால் ஓரளவு கரி தானாகவே எரிந்துவிடும். அரை மணி நேரம்கூட ஓடாமல் நின்று நின்று போகிற வண்டியில் அந்தச் சூடு வராது, எனவே கணினி கொஞ்சம் டீசலைக் கூடுதலாகச் செலுத்திச் சூட்டை உண்டாக்குகிறது. இது நடந்துகொண்டிருக்கும்போது நாம் வீடு வந்து சேர்ந்து சாவியைத் திருப்பிவிட்டால் வேலை பாதியில் நிற்கும். மறுநாளும் அதே கதை. பல இன்ஜின்களில் இந்தக் கூடுதல் டீசல் சிலிண்டருக்குள்ளேயே, அதுவும் பவர் ஸ்ட்ரோக் முடியும் நேரத்தில் தெளிக்கப்படுவதால், ஒரு பகுதி சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் குறையாமல் ஏறுகிறதே என்று யாராவது சந்தோஷப்பட்டால் அவரை உடனே மெக்கானிக்கிடம் அனுப்ப வேண்டும்.

இன்னொன்றும் உண்டு, இதை விற்பனையாளர்கள் சொல்லி நான் கேட்டதில்லை. கரி எரியும், சாம்பல் எரியாது. ஆயிலில் இருக்கும் சேர்மானப் பொருட்கள் எரிந்து வரும் சாம்பல் வடிகட்டியிலேயே தங்கிவிடும். எவ்வளவு ஒழுங்காக ஓட்டினாலும் என்றாவது ஒரு நாள் அதைக் கழற்றிச் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டிவரும். குறைந்த சாம்பல் ஆயில்தான் ஊற்ற வேண்டும் என்று கையேட்டில் இருப்பதற்குக் காரணம் இதுதான். விலை குறைவு என்று வேறு ஆயில் ஊற்றினால், மிச்சம் பிடித்த காசைப் பல மடங்காக டிபிஎஃப் வசூலித்துவிடும்.

சரி, அப்படியானால் நெடுஞ்சாலையில் நீளமாக ஓட்டுகிறவருக்குப் பிரச்சினை இல்லையா என்று கேட்கலாம். பொதுவாக இல்லை. ஆனால் ஆஸ்திரேலியாவில் டொயோட்டா வழக்கு காட்டியது வேறு. 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை அங்கே விற்ற ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ வண்டிகளில் 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றின் டிபிஎஃப் அமைப்பில் வடிவமைப்புக் குறை இருந்ததாக 2022-ல் ஃபெடரல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதில் விசித்திரம் என்னவென்றால், மணிக்கு 100 கி.மீ. அளவில் தொடர்ந்து ஓட்டினால்தான் கோளாறு தலைகாட்டியது. நாற்றத்தோடு வெள்ளைப் புகை, கூடுதல் எரிபொருள் செலவு, அடிக்கடி பணிமனை. இழப்பீடு எவ்வளவு என்ற விவாதம் உயர்நிலை நீதிமன்றம் வரை போனது. உலகத்தில் எங்கே போனாலும் பழுதாகாத வண்டி என்று பெயர் எடுத்த ஹைலக்ஸுக்கே இது நடந்தது. இத்தனைக்கும் அந்த இன்ஜினின் அடிப்படைக் கட்டுமானத்தை யாரும் குறை சொல்லவில்லை.

அமெரிக்காவில் டீசல் பிக்கப்களின் வரலாறு இன்னும் பாடம் தருவது. அங்கே பெரிய பிக்கப்களிலேயே லேசான, ஹாஃப் டன் என்று சொல்லும் பிரிவில் ராம் 1500, 2014-ல் 3 லிட்டர் ஈகோடீசல் இன்ஜினோடு வந்தது. வி.எம். மோட்டோரி என்ற இத்தாலியக் கம்பெனி உருவாக்கிய வி6. மைலேஜ் அருமை, 420 பவுண்டு-அடி முறுக்குவிசை, எல்லோரும் பாராட்டினார்கள். 2017 ஜனவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை, மாசுக் கட்டுப்பாட்டின் வேலையை மாற்றும், சான்றிதழ் வாங்கும்போது சொல்லாத மென்பொருள் இதில் இருக்கிறது என்று நோட்டீஸ் அனுப்பியது. ஜீப் கிராண்ட் செரோகியையும் சேர்த்து சுமார் 1 லட்சத்து 4 ஆயிரம் வண்டிகள். 2019-ல் சுமார் 80 கோடி டாலர் மதிப்பில் சமரசம், 2022-ல் வண்டியைச் செய்த ஃபியட் கிரைஸ்லர் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டு சுமார் 30 கோடி டாலர் அபராதம். இடையில் 2019 அக்டோபரில், சூடும் குளிர்ச்சியும் மாறி மாறிப் பட்டு, இன்ஜினுக்குத் திரும்பப் போகும் புகையை ஆறவைக்கும் இஜிஆர் கூலருக்குள் விரிசல் விழுந்து தீப்பிடிக்கலாம் என்று 1 லட்சத்துக்கும் மேற்பட்ட ராம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். 2023 ஜனவரியோடு ராம் 1500-ல் அந்த இன்ஜினைப் போடுவதே நின்றது.

ஃபோர்டு எஃப்-150 இன்னும் குறுகிய கதை. 2018 மாடலில் 3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் வந்தது, அரசு அளவீட்டில் நெடுஞ்சாலையில் காலனுக்கு 30 மைல், அதாவது லிட்டருக்குச் சுமார் 12.8 கி.மீ. அவ்வளவு பெரிய வண்டிக்கு அது சாதாரண எண் கிடையாது. 2021 மாடலோடு முடித்துக்கொண்டார்கள். நிஸான் டைட்டன் எக்ஸ்டி-யில் வந்த 5 லிட்டர் கம்மின்ஸ் வி8, 2016-ல் தொடங்கி 2019-ல் முடிந்தது. இப்படி நாலைந்து வருடத்தில் கைவிடப்பட்ட இன்ஜினை வாங்கியவர் நிலையை யோசித்துப் பாருங்கள். உதிரி பாகம் சட்டப்படி சில வருடம் கிடைக்கலாம், ஆனால் அதைக் கழற்றிப் பழகிய கைகள் குறைந்துகொண்டே போகும். விற்ற எண்ணிக்கை குறைவு என்றால் வெளிக் கம்பெனிகள் மலிவான உதிரி பாகம் செய்யவும் மாட்டார்கள். உங்கள் கட்டுரையில் மறுவிற்பனை மதிப்பு டீசலுக்கு எப்போதும் அதிகம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எந்த டீசலுக்கு?

ஜெனரல் மோட்டார்ஸின் 3 லிட்டர் டுராமேக்ஸ், வரிசையாக ஆறு சிலிண்டர், 2020 மாடலில் 277 குதிரைத்திறனோடு வந்து, 2023-ல் 305 ஆக உயர்ந்தது. இந்தக் கூட்டத்தில் இதுதான் நிலைத்து நிற்கிறது, எனக்குப் பிடித்ததும் இதுதான். இருந்தாலும் முதலில் வந்த இன்ஜினில் ஒரு விஷயம் இருக்கிறது. ஆயில் பம்பை ஓட்டுவது ஒரு பெல்ட், அது இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் பக்கமாக இருக்கிறது. 1,50,000 மைலில், அதாவது சுமார் 2.4 லட்சம் கி.மீ.யில் மாற்றச் சொல்கிறார்கள். பெல்ட் ஒன்றும் பெரிய விலை இல்லை, ஆனால் அதைத் தொட வேண்டும் என்றால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். புதிதாக வாங்குகிறவர் அதற்குள் விற்றுவிடுவார். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர் தலையில்தான் விழும். பெல்ட் போனால் ஆயில் அழுத்தம் போகும், அப்புறம் இன்ஜினே போகும்.

எரிபொருள் பம்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்றைய டீசல் பம்ப் 2,000 பாருக்கும் மேல், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல் சுமார் 2,000 மடங்குக்கும் மேல் அழுத்தம் கொடுக்கிறது, அதற்கு உள்ளே உராய்வைக் குறைப்பது அந்த டீசல்தான், தனி ஆயில் கிடையாது. கந்தகத்தை நீக்கும்போது டீசலின் வழவழப்பும் குறைகிறது, அதைச் சேர்மானம் போட்டு ஈடுகட்டுகிறார்கள். எவ்வளவு ஈடுகட்ட வேண்டும் என்பதில் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு: தேய்மானச் சோதனையில் விழும் தழும்பு ஐரோப்பியத் தரப்படி 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது, அமெரிக்கத் தரப்படி 520 மைக்ரான் வரை போகலாம். பாஷ் கம்பெனியின் சிபி4 வகைப் பம்ப் அமெரிக்க வண்டிகளில் வழக்குகளில் மாட்டியதற்குப் பின்னணி இதுதான் என்பது வழக்குப் போட்டவர்களின் வாதம். பம்ப் உள்ளே தேய்ந்தால் இரும்புத்தூள் டீசலைப் பகிர்ந்தளிக்கும் குழாய் (ரெயில்), டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், திரும்பு குழாய் என்று எல்லா இடத்துக்கும் போய்விடும். பம்பை மட்டும் மாற்றி வேலைக்கு ஆகாது, மொத்த எரிபொருள் அமைப்பையும் மாற்ற வேண்டும். தண்ணீர் கலந்த டீசலை ஊற்றினாலும், யூரியாக் கரைசலைத் தவறிப்போய் டீசல் டேங்கில் ஊற்றினாலும் இதே அளவு செலவு வரும், அதை வாரண்டியிலும் சேர்க்க மாட்டார்கள். டீசல் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுவதும் தண்ணீரை வடித்து விடுவதும் இந்த வண்டியில் மிக மலிவான காப்பீடு.

இனி கணக்கு. விலைவாசி இடத்துக்கு இடம் மாறும் என்பதால் காசில் போடாமல் லிட்டரில் போடுகிறேன், யார் வேண்டுமானாலும் தங்கள் விலையை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். பெட்ரோல் பிக்கப் 100 கி.மீ.க்கு 12 லிட்டர், அதே அளவு டீசல் பிக்கப் 9 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 15,000 கி.மீ. ஓடினால் 1,800-க்கு 1,350, மிச்சம் 450 லிட்டர். டீசல் விலை பெட்ரோலைவிட 10 சதவீதம் அதிகம் என்றால் அந்த 1,350 லிட்டர், 1,485 லிட்டர் பெட்ரோலின் விலைக்குச் சமம், மிச்சம் 315 ஆகக் குறைகிறது. 20 சதவீதம் அதிகம் என்றால் 180 லிட்டர்தான். டீசல் மலிவாகக் கிடைக்கும் நாட்டில் இது தலைகீழாகும், 10 சதவீதம் குறைவு என்றால் மிச்சம் 585 லிட்டர். இதிலிருந்து யூரியாக் கரைசலைக் கழியுங்கள், டீசலில் 3 சதவீதம் என்று போட்டால் வருடத்துக்கு 40 லிட்டர். டீசல் ஃபில்டர், கூடுதல் ஆயில் செலவைக் கழியுங்கள். இப்போது ஷோரூமில் டீசலுக்குக் கேட்கும் கூடுதல் விலையை லிட்டராக மாற்றி, மிச்சமாகும் லிட்டரால் வகுத்தால் போட்ட பணம் எத்தனை வருடத்தில் திரும்பும் என்று தெரிந்துவிடும். அந்த வருடம் வாரண்டி முடியும் வருடத்தைத் தாண்டிப் போகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஏனென்றால் டிபிஎஃப், இன்ஜெக்டர், டர்போ எல்லாம் செலவு வைப்பது அதற்குப் பிறகுதான்.

இதே கணக்கை வருடத்துக்கு 45,000 கி.மீ. ஓடும் வண்டிக்கும், அடிக்கடி டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கும் போட்டால் விடை மாறிவிடும். மிச்சம் மூன்று மடங்கு, வண்டியும் சூடாகவே ஓடுவதால் டிபிஎஃப் தொல்லையும் பெரும்பாலும் குறைவு. லோடு ஏற்றினால் டர்போ பெட்ரோல் இன்ஜினின் மைலேஜ் டீசலைவிட வேகமாகச் சரியும் என்பது இழுத்தவர்களுக்குத் தெரியும். இவர்கள் டீசல் வாங்கட்டும், நானும் அந்தக் காரணத்துக்காகத்தான் டீசல் வைத்திருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு முறை கடைக்கும், குழந்தையைப் பள்ளியில் விடவும் பிக்கப் எடுக்கிறவர் பெட்ரோலோ ஹைபிரிடோ வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

கட்டுரையில் என்னைக் கோபப்படுத்திய இடமும் ஒன்று உண்டு. டிபிஎஃப் தொல்லை கொடுத்தால் "அனுபவமுள்ளவர்கள் அதை நீக்கிவிடுகிறார்கள்" என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள், ஏதோ சீட் கவர் மாற்றுவது மாதிரி. பல நாடுகளில் அது சட்டவிரோதம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2020-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 8,500 முதல் 14,000 பவுண்டு எடைப்பிரிவில் மட்டும் சுமார் பத்து ஆண்டுகளில் 5 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களில் இப்படி வேலை செய்திருக்கிறார்கள். அவற்றால் கூடுதலாக வரும் நைட்ரஜன் ஆக்சைடு, ஒழுங்கான 90 லட்சம் டீசல் பிக்கப்களைச் சாலையில் கூடுதலாக இறக்கிவிட்டதற்குச் சமம் என்றும் அந்த மதிப்பீடு சொல்கிறது. பின்னால் வருகிறவர் மூச்சில் போகிறது அது. வாரண்டி போகும், சோதனையில் வண்டி நிற்கும், விற்கும்போது விவரம் தெரிந்தவர் வாங்க மாட்டார். என் சொந்தச் செலவைக் குறைக்க ஊர் முழுவதையும் இருமவிட எனக்கு உரிமை இல்லை, நாளிதழும் அதற்கு யோசனை சொல்லக் கூடாது.

அடுத்த பகுதியில் பழைய டீசல் பிக்கப் வாங்குவது பற்றி எழுதப் போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் பெயின்ட், டயரோடு நிறுத்திவிடாதீர்கள். வண்டியை முழுக்க ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்து பார்க்கச் சொல்லுங்கள், விற்பவர் முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள். ஸ்கேனர் போட்டால் டிபிஎஃப்-ல் எவ்வளவு கரி, கடைசியாக எரித்து எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று என்பது பல வண்டிகளில் தெரியும், அதைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். திரும்ப அழைத்த வேலைகள் முடிந்தனவா என்பதைச் சேசிஸ் எண்ணை வைத்துச் சரிபார்க்கலாம். எந்த ஆயில் ஊற்றினார்கள் என்பதற்கு ரசீது கேட்க வேண்டும். கடைசியாக, அந்த இன்ஜினைக் கழற்றிப் பழகிய மெக்கானிக் பக்கத்தில் யாராவது இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகர், டீசல் பிக்கப் உரிமையாளர்