போடி மலைப்பகுதிக்குக் காட்டுத் தீ அபாய முன்னறிவிப்பு வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
கொட்டகுடி ஊராட்சி அடிவாரத் தோட்ட விவசாயிகள்,
போடிநாயக்கனூர் வட்டம், தேனி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
(மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத் தலைவர்),
தேனி.

பொருள்: பிப்ரவரி முதல் மே வரை காட்டுத் தீ அபாய அளவை முன்கூட்டியே மலையடிவார ஊர்களுக்கு அறிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பரவிய தீயில், மலையேற்றத்துக்கு வந்தவர்களில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததைத் தாங்கள் அறிவீர்கள். அதற்குப் பின் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன, அது நல்லதே. ஆனால், பொறி யார் கையிலிருந்து விழுந்தாலும், அது அங்கேயே அணையுமா, மலைச்சரிவு முழுவதையும் எரிக்குமா என்பது பெரும்பாலும் அன்றைய வெயிலையும் காற்றையும் பொறுத்தது. அதைச் சில நாள் முன்பே கணிக்க முடியும் என்றிருக்க, அந்தக் கணிப்பு எங்கள் ஊர்களுக்கு வந்து சேருவதில்லை என்பதே எங்கள் குறை.

இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் தீயைக் கண்டறிந்து, பதிவு செய்தவர்களின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. பயனுள்ள ஏற்பாடுதான், எனினும் தீ பிடித்த பிறகே அச்செய்தி வரும். செயற்கைக்கோள் அடுத்த முறை மலையைக் கடந்து செல்வதற்குள், சரிவில் மேல்நோக்கி ஏறும் புல்தீ வெகுதூரம் போய்விடுகிறது.

மாசி மாதத்தில் விடியற்காலையில் ஒரு பிடி காய்ந்த புல்லை மடக்கினால் வளையும். அதே இடத்துப் புல்லை மதியம் மடக்கினால் சடசடவென முறியும். காற்றின் ஈரப்பதம் குறைந்தால் சில மணி நேரத்துக்குள் புல்லும் உலர்ந்துவிடுகிறது. எனவே, போன வாரம் மழை பெய்தது என்று நிம்மதியாக இருக்க முடியாது. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டிலும் கவலை தீர்வதில்லை. அம்மழையில் ஆளுயரம் வளர்ந்த புல்தான் பிப்ரவரியில் காய்ந்து எரிபொருளாக நிற்கிறது. பகலில் வெயிலேறியதும் பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேல்நோக்கி வீசுவதால், அடிவாரத்தில் பிடித்த தீ மேலே இருப்பவர்களை நோக்கியே ஓடுகிறது.

கனடாவில் உருவாகிப் பல நாடுகள் பின்பற்றும், வானிலையைக் கொண்டு தீ அபாயத்தை எண்ணால் காட்டும் தீ வானிலைக் குறியீட்டுக்கு நான்கு அளவுகளே போதும்: நண்பகல் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம், முந்தைய 24 மணி நேர மழை. செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும் வேளாண் வானிலை அறிக்கையில், அடுத்த 5 நாட்களுக்கான வெப்பநிலை, ஈரப்பதம், காற்று, மழை ஆகியவற்றின் கணிப்பு ஏற்கெனவே இருக்கிறது. உரம் போட, மருந்தடிக்க நாங்கள் பார்க்கும் அதே அறிக்கையைக் கொண்டு தீ அபாயத்தையும் கணிக்கலாம் என்பது எங்கள் எண்ணம்.

ஆகவே, வனத்துறை, வானிலை மையம், வேளாண்மைத் துறை, தீயணைப்புத் துறை ஆகியவற்றைக் கலந்து, போடி மலைப்பகுதிக்கெனத் தினசரி அபாய அளவை வெளியிட ஆவன செய்யுமாறு வேண்டுகிறோம். அபாயம் மிகுந்த நாட்களில் மலையேற்ற அனுமதியை நிறுத்தி வைப்பதோடு, தோட்டங்களில் சருகு கொளுத்துவதையும் தடுக்க வேண்டும். இந்த இரண்டாவது தடை எங்களையே கட்டுப்படுத்தும் என்பதை அறிந்தே கேட்கிறோம்; இலவம், மா மரங்களை இழப்பதைவிடச் சருகு இரண்டு நாள் கிடப்பது மேல். அறிவிப்பு கைபேசியோடு நின்றுவிடாமல், சிக்னல் கிடைக்காத மேட்டுக் குடியிருப்புகளுக்கு முதல் நாள் மாலையே ஒலிபெருக்கி வழியாகவோ, ஆள் மூலமாகவோ சென்று சேர வேண்டும்.

போடி நகரில் அளக்கும் வெயிலும் காற்றும், ஏறத்தாழ 8,000 அடி உயரத்திலுள்ள கொழுக்குமலைக்கோ, இடைப்பட்ட சரிவுகளுக்கோ பொருந்தா. ஆதலால் குரங்கணிக்கு மேலே நடுச்சரிவில் ஒரு தானியங்கி வானிலை நிலையம் அமைக்கவும் பரிந்துரைக்குமாறு கோருகிறோம். நிலையம் அமையக் காலம் பிடிக்கலாம். தினசரி அறிவிப்பை மட்டுமாவது வரும் பிப்ரவரி முதல் தேதியிலிருந்து தொடங்க உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கொட்டகுடி ஊராட்சி அடிவாரத் தோட்ட விவசாயிகள்