ஐட்டாஸ்கா ஏரிக்கரை வழிகாட்டிக்கு நன்றி

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மிசிசிப்பி ஆறு பிறக்கும் ஐட்டாஸ்கா மாநிலப் பூங்காவில் நீர்ப்பூச்சிகளைக் காட்டித் தந்த, பெயர் தெரியாத வழிகாட்டிக்கு நன்றி.

வெள்ளைத் தட்டில் முதலில் இரண்டு விரற்கடை ஏரித்தண்ணீர் ஊற்றவைத்தீர்கள். வலையை நீர்ச்செடித் தண்டோரம் அசைத்து, தட்டுக்குள் உள்வெளியாகத் திருப்பி அலசவேண்டும். சேற்றைக் கிளறினால் தண்ணீர் கலங்கி ஒன்றும் தெரியாது. தட்டான் இளம்பூச்சிகளுக்குத் தனிக் கிண்ணம் வைத்தது சாமர்த்தியம்! இல்லையேல் மற்றதையெல்லாம் தின்று தீர்த்திருக்கும். தட்டு நிழலில்தான் இருக்கவேண்டும், வெயிலில் தண்ணீர் சூடேறினால் ஆக்சிஜன் குறையும்.

லூன் என்னும் நீர்ப்பறவை இரை அரைபடக் கூழாங்கல் விழுங்கும். கல்லென்று விழுங்கிய தூண்டில் ஈயக்குண்டு ஒன்றே அதைக் கொல்லப் போதும். இதைத் தூண்டில்காரர்களுக்கு எரிச்சல் வராமல் சொன்னீர்களே, அதற்கும் சேர்த்து நன்றி.