டாப் சம்பளத்துக்கு எட்டு வருஷம்: நம்ம சங்கப் பேச்சுவார்த்தைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

குழுவுல இருக்கற தோழர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

அடுத்த ஒப்பந்தத்துக்குக் கோரிக்கைப் பட்டியல் தயாராகுதுன்னு கேள்விப்பட்டேன். எத்தனை சதவீதம் உயர்வு கேக்கலாம், மெடிக்கல் எப்படி, லீவு எப்படின்னு எல்லாம் பேசியிருக்கீங்க, அதெல்லாம் வேணும்தான். ஆனா புதுசா சேர்ற ஆள் குறைஞ்ச சம்பளத்துல ஆரம்பிச்சு, படிப்படியா ஏறி, அந்த வேலைக்கான டாப் சம்பளத்தைத் தொட எத்தனை வருஷம் ஆகுதுங்கறது பட்டியல்ல கடைசி வரியாக்கூட இல்லன்னு சொல்றாங்க, அதனாலதான் இத எழுதறேன்.

போன மாசம் ஷிப்ட் முடிஞ்சு லாக்கர் ரூம்ல எல்லாரும் பேஸ்லிப் பாத்துட்டிருந்தோம். என் லைன்லயே வேலை பாக்கற ஒரு தம்பி, சேந்து ரெண்டு வருஷம் முடியப்போகுது, என் ஸ்லிப்பை வாங்கித் தன்னோடது பக்கத்துல வச்சு மடிப்பையெல்லாம் நீவிவிட்டு, மணிநேர ரேட் இருக்கற வரி மேல விரலை வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அன்னைக்கு மெஷின் நின்னப்ப சென்சாரைக் கழட்டி மாத்தினது அவன், பக்கத்துல டார்ச் புடிச்சுக்கிட்டு நின்னது நான். அப்புறம் "அண்ணே, இந்த வேலை உங்களுக்குக் கைக்கு வர எத்தன நாள் ஆச்சு"ன்னு கேட்டான். யோசிச்சுப் பாத்துட்டு நாலு மாசம் ஆயிருக்கும்னேன். அவ்வளவுதான், சட்டைய மாட்டிக்கிட்டுப் போயிட்டான்.

நாலு மாசத்துல கத்துக்கற வேலைக்கு எட்டு வருஷம் குறைஞ்ச சம்பளம். அனுபவம் வர வர சம்பளம் ஏறும்னு நாம சொல்லிக்கறோம். முதல் ஒரு வருஷம், ரெண்டு வருஷத்துக்கு அது ஞாயமாக்கூட இருக்கலாம். அஞ்சாவது வருஷத்துக்கும் ஏழாவது வருஷத்துக்கும் நடுவுல அவன் புதுசா என்னத்தக் கத்துக்கறான்னு யாராவது சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்.

அன்னைக்கு ராத்திரி ஒரு பேப்பர்ல கணக்குப் போட்டேன். டாப் சம்பளம் 100னு வச்சுக்கங்க, சேர்றப்ப 60. இந்தப் படிப்படியான ஏற்றத்த ஏணின்னு சொல்றேன், எட்டு வருஷ ஏணின்னா வருஷத்துக்கு 5 ஏறும், அப்போ முதல் வருஷம் 40 குறையுது, அடுத்த வருஷம் 35, அப்புறம் 30, இப்படியே கடைசி வருஷம் 5. எல்லாத்தையும் கூட்டினா 180. அதே ஏணிய மூணு வருஷமாக்கினா மொத்தக் குறைவு 80தான். வித்தியாசம் சரியா 100, அதாவது டாப்ல இருக்கறவரோட ஒரு முழு வருஷச் சம்பளம். ஏணி 12 வருஷம்னா மொத்தக் குறைவு 260க்குப் போகுது. ஓவர்டைமுக்கு ஒண்ணரை மடங்கு கிடைச்சாலும் அதுவும் இந்தக் குறைஞ்ச ரேட்டைத்தான் பெருக்குது, பென்ஷன் பிடித்தம் சம்பளத்துல சதவீதமா இருந்தா அதுலயும் இதே ஓட்டை. இதெல்லாம் இளவயசுல, வாடகையும் கடனும் குழந்தையும் ஒண்ணா வந்து நிக்கற வருஷங்கள்ல போற காசு, டாப் வந்தப்பறம் அத யாரும் திருப்பித் தர்றதில்ல.

நடுவுல வேலைய விட்டுட்டுப் போறவங்க டாப்பைத் தொடறதே இல்லங்கறதையும் பாக்கணும். ஏணி நீளமா இருந்தா எந்த நேரத்துலயும் ஒரு கூட்டம் கீழ்ப் படிகள்லயே நிக்கும், மேனேஜ்மென்டுக்கு அது மிச்சம். நாமளும் ஒவ்வொரு ஒப்பந்தத்துலயும் டாப் ரேட் ஏறினதைத்தான் பெரிய எழுத்துல போர்டுல ஒட்டறோம்.

இந்த நீள ஏணி எப்படி வந்ததுன்னு நமக்கெல்லாம் தெரியும். கம்பெனி நஷ்டம்னு சொன்னாங்க, ஏதாவது ஒண்ணு விட்டுக்கொடுத்தே ஆகணும்ங்கற நிலைமை, இருக்கற ஆளுங்க சம்பளத்துல கைய வச்சா ஒப்பந்தம் ஓட்டுல விழுந்துடும், அதனால இனிமே சேரப்போறவங்க தலையில வச்சோம். இன்னும் வேலைக்கே சேராத ஆளுக்கு ஏது ஓட்டு, அவன் எங்க வந்து எதிர்த்துப் பேசுவான். அந்தக் குறைஞ்ச ஸ்கேல்ல சேந்தவங்கள்ல நானும் ஒருத்தன், எட்டு வருஷமும் படிப்படியா ஏறித்தான் டாப்புக்கு வந்தேன். ஆனா போன ஒப்பந்தத்துல நான் சரின்னுதான் ஓட்டுப் போட்டேன். அப்ப டாப்புக்கு வந்து ஒரு வருஷம் ஆயிருந்தது, கையெழுத்தானதும் ஒரு தொகை கைக்கு வரும்னாங்க, பின்னாடி நிக்கறவங்கள நான் நினைக்கல. அது தப்பு. அத உங்க முன்னாடி சொல்லாம இந்தக் கோரிக்கைய வைக்க எனக்கு மனசு வரல.

இத மாத்த முடியாதுன்னு சொல்றவங்களுக்கு அமெரிக்காவுல நடந்ததைச் சொல்றேன். டெட்ராய்ட்டோட மூணு பெரிய கார் கம்பெனிகள்லயும் 2007 ஒப்பந்தத்துல, புதுசா சேர்றவங்களுக்குக் கிட்டத்தட்ட பாதிச் சம்பளத்துல ரெண்டாவது அடுக்குன்னு ஒண்ணு வந்துச்சு. 2015ல அந்த அடுக்குல இருந்தவங்க டாப்புக்கு வர வழி விட்டாங்க, ஆனா அதுக்கு எட்டு வருஷம்னாங்க. 2019லயும் புதுசா சேர்றவங்களுக்கு அதே எட்டுதான். 2023 செப்டம்பர்ல யுனைடெட் ஆட்டோ வொர்க்கர்ஸ்ங்கற அங்கத்த கார்த் தொழிலாளர் சங்கம் மூணு கம்பெனிலயும் ஒரே நேரத்துல ஸ்ட்ரைக்ல இறங்கினாங்க, ஆறு வாரம் போல நடந்துச்சு, எட்டு வருஷம் மூணு வருஷமாச்சு. கூடவே 2028 வரைக்கும் மொத்தமா 25 சதவீதம் உயர்வும் வாங்கினாங்க. ஏணியக் குறைச்சா சதவீதத்தை விட்டுடணும்னு நம்ம கூட்டத்துல சொல்றவங்க இத ஒரு தடவை பாக்கணும்.

யூபிஎஸ்ங்கற அமெரிக்க பார்சல் கம்பெனி கதையும் நாம படிக்க வேண்டியது. 2018 ஒப்பந்தத்துல, அதே பார்சல் வண்டிய ஓட்டறதுக்குக் கம்மிச் சம்பளத்துல 22.4னு (ஒப்பந்தத்துல அந்தப் பிரிவோட எண்) ஒரு புது டிரைவர் வகையக் கொண்டுவந்தாங்க. ஓட்டுப் போட்டவங்கள்ல பாதிக்கு மேல வேணாம்னுதான் சொன்னாங்க, ஆனா பாதிப் பேர்கூட ஓட்டுப் போட வராததால அத நிராகரிக்க மூணுல ரெண்டு பங்கு வேணும்னு அவங்க சங்கமான டீம்ஸ்டர்ஸோட விதி இருந்துச்சு, அத வச்சு ஒப்பந்தம் அமலுக்கு வந்துடுச்சு. உறுப்பினர்கள் விடல. 2021 மாநாட்டுல அந்த விதியவே தூக்கினாங்க, 2023ல ஸ்ட்ரைக்குக்குத் தயாரா நின்னு அந்த வகையவும் ஒழிச்சாங்க. நம்ம ஆளுங்களும் எத்தனையோ பேர் ஓட்டுப் போட வர்றதில்ல, அதுலயும் கீழ்ப் படில இருக்கறவங்கதான் அதிகம், ஏன்னா வந்து என்ன ஆகப்போகுதுன்னு அவங்களுக்குத் தோணிடுச்சு.

இதவிட நீளமான ஏணிகளும் இருக்கத்தான் செய்யுது, விமானப் பணிப்பெண்கள், பைலட்டுங்களுக்கு அமெரிக்க ஏர்லைன்ஸ்ல டாப்புக்கு 12, 13 வருஷம்கூட ஆகுது. அதக் காட்டி நமக்கு எட்டு பரவால்லன்னு சொல்லாதீங்க. சில ஒப்பந்தங்கள்ல வருஷத்தைக் கூட எண்றதில்ல, வேலை செஞ்ச மணிநேரத்தை எண்றாங்க, பார்ட் டைம்ல இருக்கறவங்களுக்கு நாலு வருஷ ஏணி எட்டு வருஷமா நீண்டுடும். நம்ம பார்ட் டைம் ஆளுங்களுக்கு அப்படி ஒரு விதி வந்துடாம இப்பவே பாத்துக்கங்க.

"நாங்க எட்டு வருஷம் பட்டோம், இவங்களும் படட்டும்"னு சீனியர்கள் சிலர் சொல்றாங்க. அந்தக் கோபம் எனக்குப் புரியுது, எனக்கும் உள்ளுக்குள்ள இருந்துச்சு. ஆனா இன்னும் சில வருஷத்துல கீழ்ப் படில இருக்கறவங்கதான் நம்ம சங்கத்துல பெரும்பான்மை. நம்ம பென்ஷனுக்கும் மெடிக்கலுக்கும் அன்னைக்குக் கை தூக்க வேண்டியவங்க அவங்க. நம்மள அவங்க எப்படி நினைச்சுக்கிட்டு வந்து அந்தக் கூட்டத்துல உக்காரணும்ங்கறத இப்பவே யோசிக்கணும். சீனியர்கள் மனசு ஆறலன்னா நீண்ட சர்வீஸுக்குத் தனியா ஒரு தொகை கேளுங்க, நானும் ஆதரிக்கறேன்.

நான் கேக்கறது இதுதான். எட்டு வருஷத்தை மூணாக்கறத முதல் மூணு கோரிக்கைக்குள்ள வைங்க. நாலாவது, அஞ்சாவது ஸ்டெப்ல நடுவுல நிக்கறவங்க கையெழுத்தான அன்னைக்கே டாப்புக்கு வரணும், அவங்கள மறுபடி முதல்லேர்ந்து எண்ண விடக் கூடாது. முதல் சம்பளத்தையும் ஏத்துங்க, இல்லன்னா ஏணி குட்டையானாலும் பள்ளம் அப்படியே இருக்கும். ஓட்டுக்கு முன்னாடி ஒவ்வொரு ஸ்டெப்லயும் யாருக்கு எவ்வளவுன்னு முழு அட்டவணைய போர்டுல ஒட்டுங்க, சுருக்கம் மட்டும் போதாது.

அடுத்த பொதுக் கூட்டத்துக்கு அந்தத் தம்பியக் கூட்டிட்டு வர்றேன். ரெண்டு பேரோட பேஸ்லிப்பும் கைல இருக்கும், பேச அஞ்சு நிமிஷம் குடுங்க.

இப்படிக்கு,
உங்க சங்க உறுப்பினர் ஒருத்தன்