டவர் இல்லாத மலையில் பூட்டிக்கொண்ட ஆஃப்லைன் மேப்: ஒரு புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: இணையம் இல்லாமல் இயங்கும் என்று விற்கப்பட்ட வழிகாட்டிச் செயலி 72 மணி நேரத்தில் தானாகப் பூட்டிக்கொண்டது பற்றியும், அதற்கு உங்கள் உதவிப் பிரிவு தந்த தவறான விளக்கங்கள் பற்றியும்.

ஐயா / அம்மா,

உங்கள் செயலிக்கு ஓராண்டுச் சந்தா கட்டி 5 மாதம் ஆகிறது. இதே விஷயமாக நான் எழுதும் 4-வது புகார் இது. முதல் மூன்றையும் செயலிக்குள் இருக்கும் சாட் பெட்டியில் போட்டேன். யாராவது படித்தார்களா என்று தெரியவில்லை, பதில் மட்டும் உடனுக்குடன் வந்தது. அந்தப் பதில்கள்தான் என்னை உட்கார்ந்து இவ்வளவு நீளமாக எழுத வைத்திருக்கின்றன. பாதி வழியில் கையை விரித்ததைக்கூடப் போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். பழியைத் தூக்கிச் செயற்கைக்கோள் தலையில் போட்டீர்கள் பாருங்கள், அதை விட மனம் வரவில்லை.

நானும் என் அக்கா மகனும் 4 நாள் மலைநடை போனோம். அங்கே டவர் கிடையாது என்று தெரிந்தேதான் உங்கள் செயலியைத் தேர்ந்தெடுத்தேன். ‘மேப்பை இறக்கிக்கொள்ளுங்கள், இணையத்தை மறந்துவிடுங்கள்’ என்பது உங்கள் விளம்பர வாசகம். கிளம்புவதற்கு முந்தைய வாரம், வீட்டு வைஃபையில் அந்த மலைப்பகுதி முழுவதையும் உயரக் கோடுகளோடு இறக்கினேன், 640 எம்பி. போனை ஃப்ளைட் மோடில் போட்டுத் திறந்து பார்த்தேன். பாதைகள், ஓடைகள், முகாம் இடங்கள் எல்லாம் பளிச்சென்று வந்தன. சரி, இனி கவலை இல்லை என்று பவர் பேங்க் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

நடக்கத் தொடங்கிய நாள் காலை 7:10-க்கு, வண்டியை நிறுத்திய இடத்தில், கடைசியாக டவர் கிடைத்தது. அப்புறம் பேட்டரியை மிச்சம் பிடிக்க ஃப்ளைட் மோடுதான். முதல் 3 நாளும் ஒரு குறையும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 4-ஆம் நாள், இறங்கும் நாள். காலை 7:40 இருக்கும். நல்ல பனிமூட்டம், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் நின்று செயலியைத் திறந்தேன்.

திரை முழுக்கச் சாம்பல் நிறம். அதில் கணக்கு நோட்டு மாதிரி கட்டம் கட்டமாகக் கோடுகள். நடுவே நீலப் புள்ளி ஒன்று அழகாகத் துடித்துக்கொண்டிருந்தது. அதற்கு மேல் ஒரு பெட்டி: ‘உங்கள் சந்தாவைச் சரிபார்க்க இணையத்தில் இணையவும்.’ கீழே ஒரே ஒரு பொத்தான், ‘மீண்டும் முயல்க’. பெட்டியை மூட ஒரு பெருக்கல் குறிகூட இல்லை. பையன் போனை வாங்கி அந்தப் பொத்தானைப் பத்துப் பதினைந்து முறை அழுத்திப் பார்த்துவிட்டு, “சித்தி, புள்ளி இருக்கு, பூமியத்தான் காணோம்” என்றான். அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எப்படி இறங்கினோம் என்பதையும் சொல்ல வேண்டும், என் புகாரின் ஆதாரமே அதில்தான் இருக்கிறது. வண்டி நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் நோட்டில் எழுதி வைப்பது என் பழைய பழக்கம். போனில் வேறொரு சின்னச் செயலியும் இருந்தது. அதில் மேப் எதுவும் கிடையாது; எத்தனை செயற்கைக்கோள் தெரிகிறது, நாம் நிற்கும் இடத்தின் எண்கள் என்ன, பிழை எத்தனை மீட்டர் என்பதை மட்டும் காட்டும். திறந்த அரை நிமிடத்தில் அது காட்டியது: ஜிபிஎஸ் 9, குளோனாஸ் 6, கலிலியோ 5, பெய்டூ 7 (பின்னால் உள்ள மூன்றும் ஜிபிஎஸ் மாதிரியே ரஷ்யா, ஐரோப்பா, சீனா நடத்துபவை). மொத்தம் 27, பிழை 4 மீட்டர். நோட்டில் இருந்த அட்சரேகைக்கும் நாங்கள் நின்ற இடத்துக்கும் வித்தியாசம் 0.031 டிகிரி. அட்சரேகையில் 0.001 டிகிரி என்பது ஏறக்குறைய 111 மீட்டர். அப்படியானால் வண்டி எங்களுக்குத் தெற்கே சுமார் மூன்றரைக் கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. இரண்டு பாதைகளில் தெற்குப் பக்கமாகத் திரும்பியதில் இறங்கினோம். பையன் எண்ணைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தான். மூன்றாம் தசம எண் குறைந்தால் நடந்தோம், கூடினால் நின்றோம். ஒரு இடத்தில் பாதை வளைந்து எண் ஏற ஆரம்பித்தது. தவறிவிட்டோமோ என்று திரும்பி நடந்து, பிறகுதான் அது வெறும் கொண்டை ஊசி வளைவு என்று புரிந்தது. 2 மணி நேர இறக்கம் 5 மணி நேரமானது.

இனி உங்கள் பதில்களுக்கு வருகிறேன்.

முதல் பதில்: ‘இணைய இணைப்பு இல்லாத இடத்தில் ஜிபிஎஸ் சிக்னல் கிடைக்காது. டேட்டாவை ஆன் செய்யவும்.’ வழிகாட்டிச் செயலி விற்கிற நிறுவனம் இதை எழுதலாமா? ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியபடி யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் தங்கள் நேரத்தையும் இருப்பிடத்தையும் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. போன் அதை வெறுமனே காது கொடுத்துக் கேட்கிறது. ஒரு எழுத்துகூடத் திருப்பி அனுப்புவதில்லை. சிக்னல் வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. குறைந்தது 4 செயற்கைக்கோள் வேண்டும். மூன்று நம் இருப்பிடத்துக்கு, நான்காவது போனின் கடிகாரப் பிழையைச் சரிசெய்ய. இதில் டேட்டாவுக்கு எங்கே வேலை?

நியாயத்துக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இணையம் இருந்தால் வேகம் கூடும். செயற்கைக்கோள்களின் பாதை விவரத்தைப் போன் சர்வரிலிருந்து சட்டென்று வாங்கிக்கொள்ளும். ஏ-ஜிபிஎஸ் என்பது அதுதான். இணையம் இல்லாவிட்டால் அதே விவரத்தைச் செயற்கைக்கோளிடமிருந்தே நொடிக்கு 50 பிட் வேகத்தில் சொட்டுச் சொட்டாக வாங்க வேண்டும். ஒரு செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை ஒரு முறை சொல்லி முடிக்க 30 நொடி. எல்லாச் செயற்கைக்கோள்களின் அட்டவணையும் முழுதாக வந்து சேர 12.5 நிமிடம். அதனால்தான் இரவு முழுக்க அணைத்து வைத்த போன், காலையில் இடத்தைக் கண்டுபிடிக்க ஒன்றிரண்டு நிமிடம் திணறியது. அதைப் பற்றி நான் எங்கேயாவது முறையிட்டேனா? அடர்ந்த மரங்களுக்கு அடியிலும் பாறைச் சுவரை ஒட்டியும் புள்ளி 20, 25 மீட்டர் தள்ளித் தள்ளிக் குதித்தது. சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி வந்தால் அப்படித்தான் ஆகும். அதுவும் உங்கள் குற்றம் இல்லை என்று தெரிந்துதான் பேசாமல் இருந்தேன்.

இரண்டாவது பதில்: ‘ஃப்ளைட் மோடில் ஜிபிஎஸ் இயங்காது.’ இன்றைய போன்கள் பெரும்பாலானவற்றில் ஃப்ளைட் மோடு போட்டாலும் ஜிபிஎஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கும். இணைத்திருக்கும் ஸ்கிரீன்ஷாட்டின் மேல் ஓரத்தைப் பாருங்கள், விமானச் சின்னம் இருக்கிறது. அதற்குக் கீழேயே 27 செயற்கைக்கோள்களும் வரிசை கட்டி நிற்கின்றன. அதைவிட, உங்கள் திரையிலேயே நீலப் புள்ளி இருந்ததே! ஜிபிஎஸ் வேலை செய்யவில்லை என்றால் அது யார் வைத்த புள்ளி?

மூன்றாவது பதிலை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொல்லியிருந்தீர்கள். நீக்கினால் இறக்கி வைத்த 640 எம்பி மேப்பும் சேர்ந்து போய்விடும், மறுபடி நிறுவ இணையம் வேண்டும். மலையில் நின்றுகொண்டு இதைச் செய்திருந்தால் அந்தப் புள்ளியும் மிஞ்சியிருக்காது.

இப்படியே வாதாடிக்கொண்டிருப்பானேன் என்று வீட்டிலேயே சோதித்தும் பார்த்தேன். சந்தா சரிபார்க்கப்பட்ட நேரத்தைக் குறித்துக்கொண்டு போனை ஃப்ளைட் மோடில் போட்டேன். 71 மணி நேரம் முடிந்து திறந்தபோது மேப் வந்தது. 72 தாண்டியதும் அதே சாம்பல் திரை, அதே பெட்டி. இரண்டாவது முறையும் அப்படியே. ஆக, 3 நாளுக்கு ஒரு முறை உங்கள் சர்வருக்கு வந்து கும்பிடு போடாவிட்டால் மேப்பை மறைத்துவிடுகிறீர்கள். உங்கள் விதிமுறைப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்தேன். இப்படி ஒரு வரி எங்கும் இல்லை.

சந்தா முடிந்தவர்கள் போனின் தேதியைப் பின்னால் தள்ளி வைத்து ஓசியில் பயன்படுத்துவார்கள் என்பது உங்கள் பயமாக இருக்கலாம். பயம் நியாயமானதுதான். ஆனால் அதற்கு இணையம் எதற்கு? ஒவ்வொரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலும் அணுக் கடிகாரம் இருக்கிறது. வருகிற சிக்னலே நேரத்தைச் சுமந்துகொண்டுதான் வருகிறது. பயனர் போன் கடிகாரத்தை என்ன திருகினாலும் அதைத் திருக முடியாது. சந்தா முடியும் தேதியைப் போனிலேயே எழுதி வைத்து, செயற்கைக்கோள் சொல்லும் தேதியோடு ஒப்பிட்டால் வேலை முடிந்தது. இந்த யோசனைக்குக் கட்டணம் எதுவும் வேண்டாம்.

இன்னொரு விஷயம் மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. உங்கள் மேப்பின் மூலையில் பொடி எழுத்தில் ‘ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்’ என்று போட்டிருக்கிறீர்கள். 2004-ல் பிரிட்டனில் தொடங்கி, உலகம் முழுக்க ஆட்கள் சம்பளம் வாங்காமல் வரைந்து சேர்த்த மேப் அது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், பெயரைச் சொல்லி வியாபாரமும் செய்யலாம் என்றுதான் அதன் உரிமம் சொல்கிறது. நீங்கள் விற்பதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. உயரக் கோடு சேர்த்தது, திரையை அழகாக்கியது எல்லாம் உங்கள் உழைப்பு. அதற்குத்தான் பணம் கட்டினேன். ஆனால் அந்தப் பங்களிப்பாளர்களில் நானும் ஒருத்தி. நாங்கள் குழம்பி நின்றோமே, அந்த இடத்தின் தெற்குப் பாதையில் கடைசி ஒரு கிலோமீட்டரை 3 வருடத்துக்கு முன்னால், கீழேயிருந்து ஏறியபோது, இதே போனில் பதிவு செய்து ஏற்றியவள் நான். பிரிகிற இடம் வரை அன்று போகவில்லை, அதனால்தான் இந்தத் தடுமாற்றம். நான் வரைந்து கொடுத்த பாதையை என்னிடமே சந்தா வாங்கிக்கொண்டு எனக்கே பூட்டி வைத்தீர்கள்.

சின்னக் குறைகளும் உண்டு. ஆஃப்லைனில் தேடல் சரியாக வேலை செய்யவில்லை. திரையில் கண்ணெதிரே பெயர் எழுதியிருக்கும் ஓடையைத் தேடினால் ‘முடிவுகள் இல்லை’ என்கிறது. வழி போடச் சொன்னாலும் இணையம் கேட்கிறது. கணக்கெல்லாம் உங்கள் சர்வரில் நடக்கிறது போலிருக்கிறது. நடைப்பயணத்தில் கோட்டைப் பார்த்தே போய்க்கொள்ளலாம் என்பதால் இவற்றைப் பெரிதாக்கவில்லை. ஆனால் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது போதாது.

என் பக்கத்துத் தவறையும் மறைக்கவில்லை. காகித மேப் ஒன்றை மடித்துப் பையில் வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. இலவச ஆஃப்லைன் செயலிகளில் ஒன்றையாவது கூடவே நிறுவி, அதே பகுதியை இறக்கி வைத்திருக்கலாம். காசு கொடுத்தது உருப்படியாக இருக்கும் என்று நம்பிவிட்டேன்.

எனக்கு வேண்டியவை இவைதான். அன்று மேப் மறைந்தது உங்கள் சந்தாப் பூட்டினால்தான் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். அந்த 72 மணி நேரக் கட்டுப்பாட்டை எடுங்கள். எடுக்க முடியாது என்றால், பணம் கட்டும் பக்கத்திலேயே, கட்டும் பொத்தானுக்கு மேலே, கண்ணில் படும் அளவு எழுத்தில் போடுங்கள். அடுத்த பதிப்பு வரும்வரையாவது, சரிபார்ப்பு முடியாத நேரத்தில் புதிய மேப் இறக்குவதை மட்டும் நிறுத்துங்கள். ஏற்கெனவே இறக்கியதை மறைக்காதீர்கள். மீதியுள்ள 7 மாதச் சந்தாவை எனக்குத் திருப்பித் தாருங்கள். உதவிப் பிரிவில் பதில் எழுதுகிறவர்களுக்கு ஜிபிஎஸ் எப்படி இயங்குகிறது என்று ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுங்கள். டேட்டா இல்லாவிட்டால் ஜிபிஎஸ் கிடையாது என்று நம்பி, காட்டில் வழி தவறிய ஒருவர் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று அவர்களை ஒரு நிமிடம் யோசிக்கவும் சொல்லுங்கள்.

15 நாளுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். சாட் பெட்டியில் வேண்டாம், மின்னஞ்சலில் அனுப்புங்கள். அதற்குள் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் இதே கடிதத்தை, இதே இணைப்புகளோடு கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் ஓராண்டுச் சந்தாதாரர்

இணைப்பு: பூட்டிய திரையின் ஸ்கிரீன்ஷாட், அதே நேரத்தில் எடுத்த செயற்கைக்கோள் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட், வீட்டில் இரண்டு முறை செய்த 72 மணி நேரச் சோதனையின் குறிப்பு, உங்கள் உதவிப் பிரிவின் 3 பதில்கள்.