எண்ணூர் கழியைத் தூர்வாரும் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பொறியாளர்களே,

வணக்கம். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து எண்ணூர் கழியின் ஆழம் போய்விட்டது, அதை அள்ளுங்கள் என்று மீனவர்கள் பல வருடங்களாகக் கேட்டுவருகிறார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். வேலையை நிறுத்தச் சொல்லி இதை எழுதவில்லை. அள்ளும் முறையைப் பற்றித்தான் பேச்சு.

அலையாத்தி ஓரமாக ஒரு பி.வி.சி. குழாயைச் சேற்றில் இறக்கி, மேல்வாயைக் கையால் அடைத்து உருவிப் பாருங்கள். மேலே சில மில்லிமீட்டருக்குப் பழுப்பு. அதற்குக் கீழே கன்னங்கரேலென்று இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அந்தக் கருப்புச் சேற்றை ஒரு தட்டில் பரப்பி ராத்திரி வெளியே வைத்தால், காலையில் மேல்பக்கம் பழுப்பாகியிருக்கும். மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். தூர்வாரும் இயந்திரம் செய்யப்போவதும் இதையேதான், லாரி லாரியாக.

சேற்றுக்குள் ஆக்சிஜன் அதிகம் இறங்காது. அடியில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதற்குப் பதிலாகக் கடல்நீரில் உள்ள சல்பேட்டை வைத்துச் சுவாசிக்கின்றன. லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட், பஞ்சமே இல்லை. ஆனால் உதிர்ந்த இலையை நேரடியாகத் தின்ன அவற்றால் முடியாது. வேறு சில பாக்டீரியாக்கள் இலையை நொதிக்கவைத்து அசிட்டேட்டாகவும் ஹைட்ரஜனாகவும் உடைத்துத் தர வேண்டும். அந்த ஹைட்ரஜன் தேங்கினால் உடைக்கிறவற்றின் பிழைப்பே நின்றுவிடும். சல்பேட் கூட்டம் உடனுக்குடன் எடுத்துக்கொள்வதால்தான் வண்டி ஓடுகிறது. மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியாக்களுக்கும் (பாக்டீரியா போலத் தெரியும் வேறு வகை நுண்ணுயிர்கள்) அந்த ஹைட்ரஜன்மேல் ஒரு கண். சல்பேட் இருக்கும்வரை போட்டியில் பெரும்பாலும் அவை தோற்றுப்போகும். 2012இல் டென்மார்க் ஆய்வாளர்கள் இன்னொரு விசித்திரத்தை அறிவித்தார்கள்: ஆயிரக்கணக்கான பாக்டீரியா செல்கள் வரிசையாகக் கோத்த இழை ஒன்று, அடியில் சல்பைடிலிருந்து எடுத்த எலெக்ட்ரானை மேலே ஆக்சிஜன் வரை கடத்துகிறது. மின் நிலையங்கள் சூழ்ந்த எண்ணூரில் இதையும் யாராவது தேடிப் பார்க்கலாம்.

சரி, இதற்கும் உங்கள் ஒப்பந்தப் புள்ளிக்கும் என்ன சம்பந்தம்? சல்பேட்டைச் சுவாசிக்கும் கூட்டத்தின் கழிவு ஹைட்ரஜன் சல்பைடு. அது இரும்போடு சேர்ந்துதான் சேறு கருக்கிறது. ஈயம், காட்மியம், துத்தநாகம், தாமிரம் கிடைத்தால் அவற்றையும் கரையாத சல்பைடாகப் பிடித்துக் கட்டிவைக்கிறது. கிளறியதும் ஆக்சிஜன் பட்டு அந்தக் கட்டு அவிழும். உலோகம் மறுபடி தண்ணீருக்கு வரும். அள்ளிய சேற்றைக் கரையிலேயே குவித்தால் இன்னும் மோசம். காயக் காய அதில் அமிலம் ஊறும், ஐப்பசி மழை அத்தனையையும் கழிக்கே திருப்பிக் கொண்டுவரும்.

கிளறாமல் விட்டால் எல்லாம் நலம் என்றும் நான் சொல்லவில்லை. அதே சல்பேட் பாக்டீரியாக்களில் சில, பாதரசத்தை, உடலில் எளிதில் சேரும் கொடிய நச்சான மெத்தில் பாதரசமாக மாற்றக்கூடியவை. அதற்குக் காரணமான இரண்டு மரபணுக்கள் 2013இல் தெரியவந்தன. நிலக்கரிச் சாம்பலில் சிறிதளவு பாதரசம் உண்டு. மெத்தில் பாதரசம் புழுவிலிருந்து இறாலுக்கும் மீனுக்கும் ஏற ஏறச் செறிவு கூடும். ஜப்பானின் மினமாட்டாவில் ஆலையே அதைக் கடலில் கொட்டியது. சேற்றில் அதை உண்டாக்க ஆலைகூட வேண்டாம்.

அதனால் கேட்பது இதுதான். மாதிரி எடுக்கும்போது மேல்சேறு அடிச்சேறு எல்லாவற்றையும் ஒரே வாளியில் கலக்காதீர்கள். சென்டிமீட்டர் கணக்கில் அடுக்கடுக்காக வெட்டி, காற்றுப் படாமல் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மொத்த உலோக அளவு மட்டும் போதாது. நீர்த்த அமிலம் விட்டால் வெளியேறும் சல்பைடையும், கூடவே வரும் உலோகங்களையும் மோல் கணக்கில் (எடையில் அல்ல, துகள்களின் எண்ணிக்கையில்) ஒப்பிட வேண்டும். சல்பைடு மிஞ்சினால் உலோகம் இப்போதைக்குக் கட்டுக்குள் இருக்கிறது. அந்த இடத்தைக் கடைசியாக, கலங்கிய சேறு பரவாமல் தடுக்கும் வண்டல் திரை கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக அள்ளலாம். மெத்தில் பாதரசத்தைத் தனியாக அளக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், டிரம் டிரம்மாக 'நல்ல பாக்டீரியா' கொண்டுவந்து ஊற்றுகிறேன் என்று யாராவது வந்தால், தயவுசெய்து டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். வெளியிலிருந்து வந்தவை இந்த உப்பிலும் சல்பைடிலும் பெரும்பாலும் தாக்குப்பிடிக்காது. 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெய் கொட்டியபோதுகூட, கரைகளில் பெரிய அளவில் தெளித்தது உரத்தைத்தான். எண்ணெய் தின்னும் பாக்டீரியா அங்கேயே இருந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் அலையாத்திகளில் எண்ணெய் அப்பிய பிறகு இந்தப் பேச்சு மறுபடி வரத்தான் செய்யும்.

எங்கே குழாயை இறக்குவது என்று தெரியாவிட்டால் இங்குள்ள மீனவர் ஊரான காட்டுக்குப்பத்தில் கேளுங்கள். கழியில் இறங்கிக் கையால் இறால் தடவுகிறவர்களுக்கு, எந்தத் திட்டில் கால் வைத்தால் நாற்றம் கிளம்பும், எங்கே சாம்பல் முழங்கால் வரை வாங்கும் என்பது அத்துப்படி. கூலி கொடுத்துக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
எண்ணூரில் குடியிருக்கும் ஒரு நுண்ணுயிரியல் ஆசிரியர்