பச்சோந்தி மேல் பழி போடாதே

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. போன வாரம் போனில் உன் அலுவலகத்தில் நடந்ததைச் சொன்னாய். உன்னிடம் ஒன்று, மேலதிகாரியிடம் வேறொன்று பேசும் அந்த மனிதரை, "சரியான பச்சோந்திப்பா" என்று சொல்லும்போது உன் குரல் கம்மிப் போயிற்று. உன் வருத்தம் புரிந்தது. ஆனாலும் அந்தச் சொல் என் மனசில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. போனில் சொன்னால் பாதியில் பேச்சு வேறெங்கோ போய்விடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஓய்வு பெற்றதிலிருந்து தினமும் காலையில் மதிலோரம் நாற்காலி போட்டு உட்காருகிறேன். அந்த மதிலின் உச்சிக் கல் ஒரு ஆண் ஓணானுடையது. வெயில் ஏறியதும் வந்து உட்கார்ந்துகொள்ளும். சென்ற செவ்வாய்க்கிழமை இன்னொரு ஆண், வேலிப் பக்கமாக ஏறி மதிலுக்கு வந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே ஆறடி இருக்கும். நம்மாள் முன்னங்காலை ஊன்றி உடம்பைத் தூக்கித் தூக்கி இறக்கியது. தண்டால் எடுப்பது என்று நாம் சொல்வோமே, அதேதான். பிறகு தலையை இரண்டு முறை வெட்டி ஆட்டியது. வந்தது நகரவில்லை. உடனே இது பக்கவாட்டில் திரும்பி, உடம்பைத் தட்டையாக்கி, முதுகு முள்வரிசையை நிமிர்த்தி, இருப்பதைவிட ஒன்றரை மடங்கு பெரிதாகக் காட்டியது. கழுத்துச் சிவப்பு கண்ணெதிரே தோள் வரைக்கும் பரவியது. தொண்டையின் இரு பக்கமும் இருந்த கறுப்புத் திட்டு மை வைத்த மாதிரி அழுத்தமானது. வந்த ஆணும் பதிலுக்குச் சிவந்தது. ஐந்தாறு நிமிஷம் இப்படியே போனது. அப்புறம் வந்த ஆணின் சிவப்பு மெல்ல வடிந்து, உடம்பு முழுக்கச் சருகு நிறமாகி, தலையைத் தாழ்த்தி வந்த வழியே இறங்கிப் போய்விட்டது. ஒரு கடி இல்லை, ஒரு கீறல் இல்லை. ஒரு வழக்கு தீர்ந்துவிட்டது.

சின்ன வயசில் நான் ஓணான்மேல் கல்லெறிந்திருக்கிறேன், கண்ணு. ரத்தம் உறிஞ்சும் என்று பெரிய பையன்கள் சொன்னார்கள். ஆங்கிலத்திலும் அதற்கு 'ரத்தம் உறிஞ்சி' என்றே ஒரு பெயர் உண்டு. அந்தக் கழுத்துச் சிவப்பைப் பார்த்து யாரோ கட்டிய கதை. இனப்பெருக்க காலத்தில் ஆண் பூண்டுகொள்ளும் நிறம் அது. அது பிடித்துத் தின்பது பெரும்பாலும் பூச்சிகளைத்தான். நான் எறிந்த கல் பட்டு ஒன்று சுருண்டு விழுந்ததும், அதன் சிவப்பு மங்கிப் போனதும் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

இனிப் பச்சோந்திக்கு வருகிறேன். இடத்துக்கு ஏற்ற மாதிரி நிறம் மாற்றி ஏமாற்றும் என்பதுதானே நாம் அதன் மேல் போட்டிருக்கும் பழி? அது ஒளிந்துகொள்வது உண்மைதான். அமைதியாக இருக்கும்போது இலையோடு இலையாக இருக்கும். வெயிலுக்கும் குளிருக்கும் தக்கபடியும் நிறம் கொஞ்சம் மாறும். ஆனால் நாம் வாய் பிளந்து பார்க்கும் அந்தப் பெரிய நிறமாற்றம் ஒளிவதற்கு அல்ல. தென்னாப்பிரிக்காவின் குட்டைப் பச்சோந்திகளில் பல வகைகளை ஒப்பிட்டு, டெவி ஸ்டூவர்ட்-ஃபாக்ஸ், அட்னான் மூசல்லி இருவரும் 2008-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பின்னணியில் பளிச்சென்று எடுத்துத் தெரியும் சைகைகள் எந்த வகைக்கு உண்டோ, அதுதான் அதிகமாக நிறம் மாறுகிறது என்று கண்டார்கள். பலவிதமான பின்னணிகளில் மறைய வேண்டிய வகைகளில் அந்தத் திறமை கூடுதலாக இல்லை. அதாவது தன் இனத்தோடு பேசுவதற்காக வளர்ந்த திறமை அது. பருந்தும் பாம்பும் சுற்றும் காட்டில் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும் ஆபத்தோடு அது பேசுகிறது.

தோலுக்குள் நடப்பதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மடகாஸ்கரில் வாழும் சிறுத்தைப் பச்சோந்தியை ஜெனீவா பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2015-இல் எழுதினார்கள். அதன் தோல் செல்களுக்குள் குவானின் என்ற பொருளாலான நுண்படிகங்கள் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கின்றன. அமைதியாக இருக்கும்போது அவை நெருங்கி நின்று நீல ஒளியைத் திருப்பி அனுப்பும். மேலே மஞ்சள் நிறமி இருப்பதால் நமக்கு அது பச்சையாகத் தெரியும். எதிரே இன்னொரு ஆண் வந்ததும் படிகங்களுக்கு நடுவே இடைவெளி கூடுகிறது. நீலத்துக்குப் பதில் மஞ்சளும் செம்மஞ்சளும் சிவப்பும் திரும்பி வருகின்றன. பச்சை உடம்பு சில நிமிஷத்தில் மஞ்சளாகிவிடும். புதிதாக எந்தச் சாயமும் ஊறுவதில்லை. ஏற்கெனவே உள்ளே இருப்பது கொஞ்சம் விலகி நிற்கிறது, அவ்வளவுதான்.

ஏமன் பக்கத்தில் வாழும் முக்காட்டுப் பச்சோந்தியைப் பற்றி அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்து ரசல் லைகனும் கெவின் மக்ரா என்பவரும் 2013-இல் எழுதியதும் இதோடு சேரும். எந்த ஆணின் உடம்புக் கோடுகள் பளிச்சென்று ஏறுகின்றனவோ, அதுதான் எதிரியை நோக்கி முன்னேறும். எதன் தலை அதிகப் பளிச்சென்றும் விரைவாகவும் நிறம் ஏறுகிறதோ, அதுவே பெரும்பாலும் ஜெயிக்கும். தோற்கப்போவது கறுத்துப்போகும், 'நான் விட்டுவிட்டேன், அடிக்காதே' என்று அர்த்தம். முட்டை சுமக்கும் பெண்ணும் உடம்பைக் கறுப்பாக்கி நீலமும் மஞ்சளுமாகப் புள்ளி காட்டும். நெருங்கி வரும் ஆணுக்கு அதுவே பதில்: வேண்டாம். இவ்வளவு வெளிப்படையாகப் பேசும் பிராணியின் பெயரையா, அம்மா, அந்த மனிதருக்கு வைப்பது?

நம் பாறை ஓணானைச் சொல்லாமல் விட மனசில்லை. தென்னிந்தியக் குன்றுகளில் கற்பாறைமேல் வெயில் காயும் இனம். ஆண், எதிரியைக் கண்டால் முதுகு மஞ்சளாகவும் விலா செம்மஞ்சளாகவும் மாறும். பெண்ணைக் கண்டால் முதுகு சிவந்து விலா கறுக்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் 2017-இல் இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். சண்டை நிறம் வேகமாக ஏறுகிறது. காதல் நிறம் நிதானமாக, ஆனால் இன்னும் எடுப்பாக ஏறுகிறது. ஒரே உடம்பு, ஆளைப் பார்த்து வேறு வேறு பேச்சு. இதைப் படித்ததும் உன் புகார் எனக்கு ஞாபகம் வந்தது. ஆளுக்கொரு பேச்சுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டுமே அதன் உள்ளே இருப்பது. எதிரியிடம் போய் அது காதல் நிறம் காட்டுவதில்லை.

கரீபியன் தீவுகளில் அனோல் என்று ஒரு பல்லிக் கூட்டம் இருக்கிறது. தொண்டைக்குக் கீழே மடிந்த தோலை விசிறி மாதிரி விரித்துக் காட்டும். விசிறியின் நிறமும் தலையாட்டும் தாளமும் இனத்துக்கு இனம் வேறு. ஜமைக்காவின் அனோல்கள், பறவைகள் கூவும் அதே விடிகாலையிலும் அந்தியிலும் மரத்தண்டுகளில் நின்று சத்தமில்லாமல் ஆடுகின்றனவாம். போர்ட்டோ ரிக்கோவில் இருட்டடைந்த காட்டுக்குள் வாழும் ஒரு இனத்தை டெரி ஆர்டும் ஜூடி ஸ்டாம்ப்ஸும் ஆராய்ந்தார்கள். வெளிச்சம் மங்கும்போது அது நேரே சேதிக்குப் போவதில்லை. முதலில் நாலு காலையும் ஊன்றிப் பெரிதாகத் தண்டால் எடுக்கும். 'இங்கே பார்' என்று கூப்பிடுவது அது. பார்வை திரும்பிய பிறகுதான் தலையாட்டு. இயந்திரப் பல்லி ஒன்றைச் செய்து மரத்தில் மாட்டி, இந்த முன்னழைப்பு சேதியைச் சரியாகக் கொண்டு சேர்க்கிறது என்று 2008-இல் உறுதிசெய்தார்கள்.

இதைப் படித்த அன்று உன்னை நினைத்துக்கொண்டேன். நீயும் போனில் "அப்பா, கேக்குதா? கேக்குதா?" என்று இரண்டு முறை கேட்ட பிறகுதான் விஷயத்தைச் சொல்வாய்.

அந்த மனிதர் செய்தது தப்புதான். அவரிடம் நேரில் கேள். எனக்கு ஒன்று, அங்கே ஒன்று ஏன் சொன்னீர்கள் என்று கேள். இரட்டை நாக்கு என்று வேண்டுமானால் சொல்லிக்கொள். பச்சோந்தியை விட்டுவிடு.

ஞாயிற்றுக்கிழமை உனக்கு லீவுதானே. இங்கே மதிலுக்கு வெயில் ஏறும்போது வீடியோவில் கூப்பிடு. வெறும் குரலை வைத்து நீ தூங்கினாயா, அழுதாயா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. உன் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, உச்சிக் கல் பக்கம் கேமராவைத் திருப்புகிறேன். செவ்வாய்க்கிழமை தோற்றுப் போனது நேற்று மறுபடியும் வேலியோரம் தலைகாட்டியது. கழுத்தில் லேசாகச் சிவப்பு ஏறியிருந்தது.

அன்புடன்,
அப்பா