நான்கு நடை வந்தும் தீராத மூன்றாவது சிலிண்டர்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்
பொருள்: என்ஜின் மிஸ்ஃபயர் (ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாத கோளாறு), வீண் செலவு, உங்கள் ஆளின் பேச்சு

ஐயா,

வணக்கம். வண்டி எண், ஜாப் கார்டு எல்லாம் உங்கள் கணினியில் இருக்கிறது. ஐந்தாவது முறையாகத் திரும்ப எழுத எனக்குத் தெம்பு இல்லை.

நாலு சிலிண்டர் வண்டி மூணு சிலிண்டரில்தான் ஓடுகிறது என்று முதல் நாளே சொன்னேன். ஏசி போட்டால் நின்ற இடத்திலேயே உதறுகிறது. ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு லாரியை முந்த மிதித்தால் இழுவை இல்லை, செக் என்ஜின் விளக்கு மினுக்குகிறது. உங்கள் திண்டுக்கல் சென்டர் ஸ்கேனரில் வந்த கோளாறு எண் பி0303. மூன்றாவது சிலிண்டர் என்று அதுவே சொல்லிவிட்டது. அப்புறம் எதற்கு நாலு பிளக்கும் மாற்றி 2,400 ரூபாய்? அடுத்த நடை இன்ஜெக்டர் கிளீனிங் என்று 3,800? இரண்டு முறையும் பழனி வந்து சேர்வதற்குள் விளக்கு திரும்ப எரிந்தது.

சரி, அதைக்கூட விடுங்கள். வெயிட்டிங் ஹாலில் பத்துப் பேர் பார்க்க, "வண்டியில ஒண்ணும் இல்ல சார், கிளட்ச் விடத் தெரியாம ஓட்டுனா உதறத்தான் செய்யும்" என்று சிரித்தாரே அந்த அட்வைசர், பக்கத்தில் என் மருமகன் நின்றிருந்தார். 22 வருடமாக ஓட்டுகிறவன் நான். நியூட்ரலில் நிற்கும்போது உதறும் வண்டிக்குக் கிளட்ச் எங்கிருந்து வந்தது?

அதற்கு முந்தைய நடை இன்னும் மோசம். காலை 9 மணிக்கு வரச் சொன்னீர்கள். 60 கிலோமீட்டர் வந்தால், ஸ்கேனர் வேறு கிளைக்குப் போயிருக்கிறதாம். மூன்று மணி வரை உட்கார வைத்து, வாட்டர் வாஷ் செய்து அனுப்பினீர்கள்!

கடைசியில் எங்கள் தெரு மெக்கானிக் மூன்றாவது சிலிண்டர் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டினார். கோளாறு எண் பி0302, அதாவது இரண்டாவது சிலிண்டர் என்று ஆகிவிட்டது. கோளாறு காயிலோடு சேர்ந்து நகர்ந்தது, அவ்வளவுதான் விஷயம். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. என்ஜின் மேல்மூடிக்கு அடியில் ஆயில் கசியாமல் தடுக்கும் வால்வ் கவர் கேஸ்கெட் கசிந்து பிளக் குழியில் ஆயில் நின்றது. பிளக் மாற்றிய உங்கள் ஆள் கண்ணை மூடிக்கொண்டா கழற்றினார்?

இப்போது, வெளியே கை வைத்ததால் வாரண்டி கிடையாது என்கிறீர்கள். உங்கள் கம்பெனி மேல் எனக்கு மரியாதை உண்டு, தம்பியையும் இதே வண்டி வாங்க வைத்தவன் நான். ஆனால் மூன்று மாதத்தில் என் பிழைப்பே நாசமாகிவிட்டது, இரண்டு லட்சத்துக்குக் குறையாத நஷ்டம். விளக்கு மினுக்கும்போது ஓட்டினால் எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? தெரிந்தும் "ஓட்டிப் பாருங்க" என்றுதானே அனுப்பினார்கள்!

தயவுசெய்து 6,200 ரூபாயையும் காயில், கேஸ்கெட் செலவையும் திருப்பித் தாருங்கள். கன்வெர்ட்டரை இலவசமாகச் சோதித்து எழுத்தில் கொடுங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார், அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அந்த அட்வைசர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். போனில் வேண்டாம், பழனிக்கு வரட்டும். 60 கிலோமீட்டர்தான்.

இப்படிக்கு,
ஜாப் கார்டில் நான்கு முறை பெயர் உள்ளவர்